9 மி.மீ. பயிற்சித் தோட்டாவுக்கு முலாம் குண்டு போதுமா?

கரூரான் (டாலஸ்):
மாதம் இருமுறை சுடுதளத்துக்குப் போகிறேன். ஒரு தடவைக்கு 200 தோட்டா தீர்ந்துவிடுகிறது. கடையில் 9 மி.மீ. தோட்டா ஒன்று 24 சென்ட்டுக்கு வந்துகொண்டிருந்ததால், இந்த ஆண்டுத் தொடக்கத்தில் தோட்டா கட்டும் கருவியான பிரஸ் ஒன்றை வாங்கி வீட்டிலேயே கட்டத் தொடங்கினேன். என்னிடம் உள்ள ரசீதுகளின்படி, ஈயத்தின்மேல் மெல்லிய செம்பு முலாம் பூசிய, 124 கிரெயின் எடையுள்ள குண்டு 9 சென்ட், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் 7 சென்ட், வெடிமருந்து ஏறக்குறைய 3 சென்ட். பித்தளைக் கூடுகளைச் சுட்ட இடத்திலேயே பொறுக்கிக்கொள்வதால் அவற்றுக்குச் செலவில்லை. ஆக, ஒரு தோட்டாவின் விலை 19 சென்ட். அட்டையில் ஓட்டை போடுவதற்கு முலாம் குண்டே தாராளம் என்பதும், தடித்த செம்பு உறை போட்ட குண்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் என்பதும் என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

நெடுங்கிள்ளி (ஒஹாயோ):
காரணத்தோடே மறுக்கிறேன். உங்கள் கணக்குப்படி மாதம் 400 தோட்டாவில் மிச்சமாவது 20 டாலர், ஆண்டுக்கு 240 டாலர். பிரஸ், டை (பிரஸில் மாட்டும் அச்சு), தராசு எல்லாம் சேர்த்து எனக்கு 600 டாலர் ஆயிற்று. உங்களுக்கும் அவ்வளவே ஆகியிருந்தால் முதல் மீள இரண்டரை ஆண்டு வேண்டும். சனிக்கிழமை இரவுகளில் பிரஸ் முன்னால் நின்ற நேரத்துக்குக் கூலி போடவில்லை. அது போகட்டும். மொத்தமாக வாங்கினால் உறைக் குண்டு எனக்கு 11 சென்ட்டுக்குக் கிடைக்கிறது. ஆண்டுக்கு 4,800 தோட்டா என்றால் வித்தியாசம் 96 டாலர்தான். அந்தப் பணத்துக்காக, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு கனமே உள்ள செம்புத் தோலை நம்ப வேண்டுமா?

நான் நம்பிப் பார்த்தவன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு முலாம் குண்டில் 300 தோட்டா கட்டிக்கொண்டு போனேன். பதினைந்து கஜ தூரத்தில் வைத்த அட்டையில் வட்டமாக விழ வேண்டிய ஓட்டைகளில் நாலைந்து, சாவித் துவாரம்போல நீளவாக்கில் விழுந்திருந்தன. குண்டு நேராகப் போகாமல் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அன்றோடு முலாம் குண்டை விட்டுவிட்டேன்.

கரூரான்:
அண்ணா, அந்த 300 தோட்டாவில் சுடாமல் மிஞ்சிய ஏதாவது ஒன்றைப் பிரித்துப் பார்த்தீர்களா? நானும் முதல் மாதத்தில் அதே கோலத்தைக் கண்டேன். குண்டு கழற்றும் சுத்தியலுக்குள் ஒரு தோட்டாவை மாட்டி, சிமென்ட் தரையில் நாலு தட்டுத் தட்டி, கழன்று விழுந்த குண்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி மெல்லிய வளையமாகச் செம்பு வெட்டுப்பட்டு, உள்ளே சாம்பல் நிறத்தில் ஈயம் தெரிந்தது. கூட்டின் வாயைக் கடைசியில் இறுக்கும் கிரிம்ப் டையை நான் அளவுக்கு மீறி இறக்கியிருந்தேன். அப்படி இறுக்கினால் தோல் கிழிவதோடு மென்மையான ஈயம் நசுங்கிக் குண்டே சிறுத்துப்போகிறது; குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்வரிகள் சிறுத்த குண்டைச் சரியாகப் பிடிப்பதில்லை. 9 மி.மீ. கூடு துப்பாக்கியின் அறைக்குள் தன் வாய் விளிம்பை ஊன்றி உட்காருவது; அந்த விளிம்பை உள்ளே மடக்கக் கூடாது. எனவே குண்டை வைப்பதற்காக விரித்த வாயைப் பழையபடி நேராக்குமளவு கிரிம்ப் இருந்தால் போதும். இப்போது காலிப்பரில் வாயை அளக்கிறேன், 0.380 அங்குலத்துக்குச் சற்றே கீழே நின்றால் கையை எடுத்துவிடுகிறேன். வாயைப் போதுமான அளவு விரிக்காமல் குண்டைத் திணித்தாலும் கூட்டின் விளிம்பு செம்பைச் சுரண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

முலாம் என்றாலே மட்டம் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. காவல் துறையினர் பலர் இடுப்பில் வைத்திருக்கும் ஸ்பியர் கோல்ட் டாட் குண்டும் ஈயத்தின்மேல் மின்முலாமாகச் செம்பு ஏற்றியதுதான். அதில் செம்பின் கனம் அதிகம், அவ்வளவே நம் பேச்சுக்கு வேண்டிய வேறுபாடு. சாதாரண முலாம் குண்டை வினாடிக்கு 1,200 அடி வேகத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கச் சுடுதல் சங்கத்தின் போட்டியில், மைனர் எனப்படும் குறைந்த விசைப் பிரிவுக்குக் குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 125 வர வேண்டும். 124 கிரெயின் குண்டு 1,050 அடியில் போனாலே 130 வந்துவிடுகிறது. யாருக்காக அதற்கு மேல் விரட்ட வேண்டும்?

பொறுமைசாலி (அரிசோனா):
நீங்கள் இருவரும் மல்லுக்கு நிற்பது 9 மி.மீ. என்ற மலிவான தோட்டாவுக்காக. எனக்கு .45 துப்பாக்கி. கடைத் தோட்டா 44 சென்ட்; முலாம் குண்டில் நானே கட்டினால் 28 சென்ட். பிரஸ் போட்ட பணத்தை முதல் ஆண்டிலேயே எடுத்துவிட்டேன். ஆனால் .38 ரிவால்வருக்கு நான் முலாம் குண்டு வாங்குவதில்லை. அதற்குக் கூட்டின் வாயை உள்நோக்கிச் சுருட்டி இறுக்க வேண்டும். பெரும்பாலான முலாம் குண்டுகளில் அந்தச் சுருட்டு உட்காரப் பள்ளம் கிடையாது, எனவே நண்பர் சொன்ன வெட்டுக் காயம் அங்கே நிச்சயம். ரிவால்வருக்கு, பாலிமர்ப் பூச்சுள்ள வார்ப்பு ஈயக் குண்டைப் போடுகிறேன்; அது முலாமைவிடவும் விலை குறைவு.

முலாமுக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண உறைக் குண்டின் அடிப்பாகம் திறந்தே இருக்கிறது. எரியும் வாயு அந்த ஈயத்தை நேரடியாகச் சுட்டு ஆவியாக்குகிறது. முலாம் குண்டில் அடியும் மூடியிருக்கிறது. கூரை போட்ட சுடுதளத்தில் மணிக்கணக்காக நிற்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

நெடுங்கிள்ளி:
ஈயத்தைப் பற்றிப் பேசினால் முழுவதும் பேசுவோம். பிரைமரில் உள்ள லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் எந்தக் குண்டைப் போட்டாலும் எரிந்து காற்றில் கலக்கத்தான் செய்கிறது, அதன் மிச்சம் காலிக் கூட்டுக்குள்ளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூடுகளைச் சுத்தம் செய்ய, நொறுக்கிய சோளக்கட்டையோடு சமையலறைப் பக்கத்தில் உருட்டி, தூசி பறக்கச் சலித்தெடுப்பவர், அடி மூடிய குண்டை வாங்கிப் பெருமைப்படுவதில் பொருள் இல்லை. ஈரத்தில் போட்டு உருட்டுங்கள், அதன் பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; குண்டைத் தேர்ந்தெடுப்பதைவிட அதில் பலன் அதிகம்.

கிரிம்ப் விஷயத்தில் கரூரான் சொல்வது சரியாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். நான் பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் இதைவிடக் கவலையான கேள்வி ஒன்று உண்டு. மருந்தின் அளவைக் கையேட்டின் எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கிறீர்கள்? உறைக் குண்டுக்கு ஓர் அட்டவணை, ஈயக் குண்டுக்கு ஓர் அட்டவணை இருக்கின்றன. முலாமுக்குப் பல கையேடுகளில் தனி அட்டவணையே இல்லை. ‘நடுவில் ஏதாவது’ என்று போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அளவு மிகக் குறைந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். கிளாக் துப்பாக்கி நிறுவனத்தின் கையேடு மறுகட்டுத் தோட்டாவே வேண்டாம் என்று எச்சரிப்பதையும் நினைவில் வையுங்கள்.

கரூரான்:
நியாயமான கேள்வி. குண்டு செய்த நிறுவனம் அந்த எடைக்கும் வடிவத்துக்கும் எந்த அட்டவணையைப் பார்க்கச் சொல்கிறதோ, அதில் தொடக்க அளவில்தான் ஆரம்பிக்கிறேன். முதல் பத்துத் தோட்டாவை வேகமானியின் முன்னால் சுட்ட பிறகே மேலே போவதா என்று முடிவு செய்கிறேன். கைத்துப்பாக்கிக் கூட்டில் பல மருந்துகள் பாதிகூட நிரம்புவதில்லை என்பதால், ஒரே கூட்டில் மருந்து இருமுறை விழுந்தாலும் வழியாமல் போகலாம். அதனால் குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்க்கிறேன். சத்தம் மெலிதாகக் கேட்டால் சுடுவதை நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். இவை அனைத்தும் உறைக் குண்டுக்கும் பொருந்தும், அண்ணா. இதில் முலாமின் குற்றம் எதுவும் இல்லை.

நெடுங்கிள்ளி:
குற்றம் இல்லை, சரி. ஆனால் கை தவறினால் உறைக் குண்டு பொறுத்துக்கொள்கிறது, முலாம் பொறுப்பதில்லை. புதிதாகக் கட்டத் தொடங்குகிறவருக்கு அந்த 2 சென்ட்டைக் கொடுத்துவிடு என்றே நான் சொல்வேன். பரணில் அந்தப் பழைய தோட்டாக்களில் நாற்பது இன்னும் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஐந்தைக் கழற்றிப் பார்க்கிறேன். வளையம் இருந்தால் படம் பிடித்து இங்கேயே போடுகிறேன்.