ஃப்யூனரல் ஃபார் எ ஃபிரண்ட்: அலறலில் தொடங்கிய குழு ஒரு மீனவனின் கதைக்கு வந்து சேர்ந்தது எப்படி?

தங்கச்சிமடம் தாளக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தங்கச்சிமடத்துக்காரன், எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். சென்ற தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் ஓய்ந்து நின்றிருந்தபோது, கோவையில் படிக்கும் என் சித்தி மகன் ஊருக்கு வந்திருந்தான். வலை பின்னிக்கொண்டிருந்த கொட்டகையில் உட்கார்ந்து, வேல்ஸ் நாட்டின் போஸ்ட்-ஹார்ட்கோர் (அலறலும் மெட்டும் கலந்த வேகமான ராக் இசை) குழுவான ஃப்யூனரல் ஃபார் எ ஃபிரண்டின் முதல் ஆல்பத்தை அவன் எனக்குப் போட்டுக் காட்டினான். இனிமையாகப் பாடும் ஒரு குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் அடிவயிற்றிலிருந்து அலறுகிறது. அப்படி அலறுபவர் டிரம்ஸ் வாசிக்கும் ரையன் ரிச்சர்ட்ஸ்தான் என்று அவன் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. மறுநாள் கோயில் கூடத்தில் நானும் முயன்று பார்த்தேன். மூச்சு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போக, நான்காவது சுற்றிலேயே கால்கட்டை தவறிவிட்டது.

அதன்பின் அவன் 2007இல் வெளிவந்த மூன்றாவது ஆல்பத்தைப் போட்டான். அதில் அலறல் ஏறத்தாழ இல்லவே இல்லை. வயலின்களும் பெரும் இசைக்கோவையும் நிறைந்திருந்தன. முழு ஆல்பமும் கடலில் தொலைந்துபோன டேவிட் என்னும் மீனவனின் கதையாம். பத்து வயதில், எஞ்சின் பழுதாகி அப்பாவின் படகு இரண்டு நாள் கரைக்கு வராமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அதற்கு மேல் என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

என் ஐயம் இதுதான். ஒரே குழு நான்கே ஆண்டுகளில் இவ்வளவு தூரம் மாறியது இயல்பான வளர்ச்சியா, அல்லது கூடுதல் பேர் வாங்க வேண்டும் என்பதற்காகத் தங்கள் இசையை மழுக்கிக்கொண்டார்களா? அந்தக் கதை ஏன் முடிவிலிருந்து தொடங்குகிறது என்பதும் எனக்குப் புரியவில்லை. தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மண்டபம் வானொலி எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. இக்குழுவை நான் சென்னையில் வேலை பார்த்த காலத்திலிருந்து, அதாவது 2004 முதல், விடாமல் கேட்டு வருகிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2001இல் தெற்கு வேல்ஸில் உள்ள பிரிஜெண்ட் என்ற சிறு நகரத்தில் இக்குழு உருவானது. புல்லட் ஃபார் மை வாலண்டைன் குழுவும் அந்த ஊர்தான். பிளேன்ஸ் மிஸ்டேக்கன் ஃபார் ஸ்டார்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் பாடல் ஒன்றிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். மேத்யூ டேவிஸ் பாட்டு, கிரிஸ் கூம்ப்ஸ்-ராபர்ட்ஸும் டேரன் ஸ்மித்தும் கிட்டார், கேரத் டேவிஸ் பேஸ், ரையன் ரிச்சர்ட்ஸ் டிரம்ஸும் அலறலும். உலகம் அறிந்த கூட்டணி இந்த ஐவர்தான். 2002இல் மைட்டி ஆட்டம் என்ற சிறிய நிறுவனத்தின் வழியாகவும், 2003இல் இன்ஃபெக்‌ஷஸ் வழியாகவும் ஒரு சில பாடல்களே கொண்ட இரண்டு குறுந்தட்டுகள் (இ.பி.) வெளிவந்தன. முதல் குறுந்தட்டில் இருந்த ‘ஜூனோ’ என்ற பாடலைத்தான் செதுக்கித் திருத்தி, முதல் ஆல்பத்தில் ‘ஜூனோ’ என்றே ஒலிக்கும் வேறு எழுத்துக்கூட்டலில் மீண்டும் வெளியிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முன்னதில் கரடுமுரடாக இருந்த இடங்கள் பின்னதில் பாடலாகத் திரண்டிருப்பது காதுக்கே தெரியும். உங்கள் கேள்விக்கான விடையின் பாதி அங்கேயே இருக்கிறது என்பது என் கருத்து, ஏனென்றால் மெட்டின் மீது அவர்களுக்கு இருந்த நாட்டம் 2007இல் திடீரென்று முளைத்ததன்று.

ஒவ்வொரு ஆல்பத்தையும் யார் தயாரித்தார், அதாவது பதிவுக்கூடத்தில் அதன் ஒலியை யார் வடிவமைத்தார் என்று பார்த்தால் மற்ற பாதியும் விளங்கும். 2003 அக்டோபரில் வந்த ‘கேஷுவலி டிரெஸ்ட் அண்ட் டீப் இன் கான்வர்சேஷன்’ ஆல்பத்தில் கனத்த மெட்டல் குழுக்களைப் பதிவு செய்து பழகிய காலின் ரிச்சர்ட்சன் உடனிருந்தார். அதனால்தான் அதில் கிட்டார்கள் அரம்போல் அறுக்கின்றன. 2005இல் வந்த ‘அவர்ஸ்’ ஆல்பத்தைத் தயாரித்தவர் பாண்டேரா, டெஃப்டோன்ஸ் குழுக்களோடு பணியாற்றிய டெர்ரி டேட். அதில் அலறல் குறைந்தது. பாடல்களுக்கு நடுவே மூச்சுவிட இடம் கிடைத்தது. 2007இன் ‘டேல்ஸ் டோன்ட் டெல் தெம்செல்வ்ஸ்’ ஆல்பத்துக்கு வந்தவர் பிக்சீஸ், ஃபூ ஃபைட்டர்ஸ் குழுக்களின் தயாரிப்பாளரான கில் நார்ட்டன். ஆக, மாற்றம் ஒரே தாவலில் நிகழவில்லை, படிப்படியாக நிகழ்ந்தது. முதல் இரண்டு ஆல்பங்களும் பிரித்தானியத் தரவரிசையில் 12ஆம் இடத்தைப் பிடித்தன. மூன்றாவது 3ஆம் இடத்துக்கே போனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘அவர்ஸ்’ ஆல்பத்தில் ‘ஹிஸ்டரி’ என்ற பாடல் உண்டு. அதன் காணொளி, 1984இல் தொடங்கி ஓராண்டு நீடித்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைக் காட்டுகிறது. பிரிஜெண்டுக்கு வடக்கே உள்ள பள்ளத்தாக்குகள் எல்லாம் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர்கள். தொழில் செத்த ஊரில் பிறந்த பிள்ளைகள் உழைப்பாளி வீட்டின் கதையைச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். அடுத்த ஆல்பத்தில் சுரங்கத்தொழிலாளி இருந்த இடத்துக்கு மீனவன் வந்தான். ஆகவே அதை விற்பனைக்காக மழுக்கிய இசை என்று நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

கீழக்கரை கடற்காற்று எழுதியது:

மண்டபத்து அண்ணன் எழுதிய வரலாற்றில் எனக்குப் பிழை ஏதும் தெரியவில்லை. ஆனால் முடிவில் அவரோடு உடன்பட முடியவில்லை. 2007 ஆல்பத்தில் கதை பெரியது, ஒலியும் பெரியது, ஆனால் இக்குழுவுக்கே உரிய ஒரு பண்பு அதில் தேய்ந்துவிட்டது. ஒருவன் நிதானமாகப் பாட முயல, இன்னொருவன் அவனை நிதானமாக இருக்கவிடாமல் பின்னாலிருந்து அலறுவதுதான் அவர்களுடைய உயிர்நாடி. கடலில் தனியே தத்தளிப்பவனின் கதைக்கு அந்த இரண்டாம் குரல் எவ்வளவு பொருந்தியிருக்கும்! அதைப் போய் வயலின்களிடம் ஒப்படைத்துவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அவர்களுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். தங்கள் ஆல்பங்களை வெளியிட்டுவந்த அட்லாண்டிக் நிறுவனத்தை விட்டு வெளியேறி, ‘ஜாயின் அஸ்’ என்று சொந்த வெளியீட்டகம் தொடங்கி, 2008இல் ‘மெமரி அண்ட் ஹ்யூமானிட்டி’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். தயாரிப்புக்குத் தங்கள் மண்ணிலேயே, கார்டிஃபில் இயங்கும் ரொமேஷ் தொடங்கொடவை நாடினார்கள். 2011இல் அவரோடு செய்த ‘வெல்கம் ஹோம் ஆர்மகெடான்’ ஆல்பத்தில் பழைய கனமும் அலறலும் முழுமையாகத் திரும்பின, அதுவும் மெட்டை விட்டுக்கொடுக்காமல். தம்பி அடுத்துக் கேட்க வேண்டியது அதைத்தான். 2013இன் ‘காண்டூயிட்’ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதில் மிகையான ஒரு அடிகூடக் கிடையாது.

ஆனால் இந்த மீட்சி நடந்த அதே ஆண்டுகளில்தான் அந்த ஐவர் கூட்டணி கரைந்தது. 2008இல் கேரத் டேவிஸ் விலக, ஹோண்டோ மெக்லீன் குழுவில் இருந்த கேவின் பரோ வந்தார். 2010இல் டேரன் ஸ்மித்தும், 2012இல் உங்களுக்குப் பிடித்த ரையன் ரிச்சர்ட்ஸும் விலகினார்கள். 2015இல் ‘சாப்டர் அண்ட் வெர்ஸ்’ வந்தபோது பழையவர்களில் மேத்யூவும் கிரிஸும் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். அவ்வாண்டே பிரிவை அறிவித்து, 2016 மே மாதம் இலண்டனில் விடைபெற்றார்கள். கடைசிச் சுற்றுப்பயணத்தில் முதல் இரு ஆல்பங்களைத்தான் முழுமையாக வாசித்தார்கள். மூன்றாவதை வாசிக்கவில்லை என்பதை மண்டபத்து அண்ணன் கவனிக்க வேண்டும்.

2019இல் நோயுற்ற நண்பர் ஒருவருக்காக நிதி திரட்ட மீண்டும் கூடினார்கள். 2023இல் மேத்யூ விலகியபின், ஹோல்டிங் அப்சென்ஸ் குழுவின் லூகஸ் வுட்லண்ட் பாடி வருகிறார். அவரும் தெற்கு வேல்ஸ்காரர்தான். இவர்களுடைய பாடல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை.

பாம்பன் தெற்குவாடி எழுதியது:

கிட்டாரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கதை ஏன் முடிவிலிருந்து தொடங்குகிறது என்று தம்பி கேட்டதற்கு என்னால் விடை சொல்ல முடியும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

முதல் பாடலான ‘இன்டு ஒப்லிவியன்’ தலைப்போடு ‘ரீயூனியன்’ என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது. மீண்டும் கூடுதல் என்று பொருள். அதாவது, அந்த மீனவன் தன் குடும்பத்தாரோடு சேர்வதை முதலில் வைத்துவிட்டு, அதன்பிறகே கடலுக்குள் கதையைக் கொண்டுபோகிறார்கள். நம் கரையில் காணாமல் போன படகைப் பற்றிச் செய்தி வரும் முறையை நினைத்துப் பாருங்கள். படகுகளோடு பேசும் வி.எச்.எஃப். வானொலிக் கருவிக்கு முன்னால் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு முதலில் கேட்க வேண்டிய சொல் ‘ஆள் கரை ஏறியாச்சு’ என்பதுதான். எங்கே எஞ்சின் நின்றது, எந்தக் காற்று எங்கே இழுத்துப்போனது, குடிதண்ணீர் எப்போது தீர்ந்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகு, சோறு தின்று எழுந்தபின் வாசலில் உட்கார்ந்து சொல்லும் கதை. முதல் சொல் கிடைக்காதவரை அந்த வீட்டில் யாரும் மற்றதைக் காதில் வாங்கமாட்டார்கள். எனக்கு அந்த ஆல்பத்தின் வரிசை புதிராகவே தெரியவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்ட வரிசை அது.

அவர்கள் சுரங்க நாட்டுக்காரர்கள் மட்டுமல்லர், கடலும் அருகில்தான். பிரிஜெண்டிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள போர்த்கால், பிரிஸ்டல் கடற்கால்வாயைப் பார்த்து நிற்கும் ஊர். அந்தக் கால்வாயின் உட்பகுதியில் ஓதம் பத்து மீட்டருக்கும் மேல் ஏறி வற்றும். நம் பாக் நீரிணையில் ஒரு மீட்டர்கூட ஏறாது. அப்படி ஒரு கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றாலே பெருக்கெடுத்து வரும் ஒலியாகத்தான் மனத்தில் பதிந்திருக்கும் என்பதால், அந்த வயலின்கள் எனக்கு மிகையாகப் படவில்லை.

கீழக்கரைக் காக்காவுக்கு (அண்ணனுக்கு) ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கடலில் தனியே கிடக்கிறவன் முதல் நாள்தான் கத்துவான். அதற்குப் பிறகு தொண்டையில் ஈரம் இருக்காது. கச்சான் காற்று வீசும் காலத்தில் ஒருமுறை நான் அப்படிக் கிடந்திருக்கிறேன்.

கீழக்கரை கடற்காற்று எழுதியது:

பாம்பன் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு நேற்றிரவு அந்த ஆல்பத்தை மறுபடி கேட்டேன். 2011 ஆல்பமே சிறந்தது என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் அலறல் இல்லாததைக் குறை என்று இனி எழுதமாட்டேன்.

தங்கச்சிமடம் தாளக்காரன் எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. அண்ணன் சொன்னபடி இரண்டு ‘ஜூனோ’க்களையும் அடுத்தடுத்துக் கேட்டேன். முன்னதில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் பகுதிகள், பின்னதில் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதுபோல் வருகின்றன. காக்கா சொன்ன 2011 ஆல்பத்தையும் இறக்கி வைத்திருக்கிறேன்.

ஞாயிறு மாலை அப்பாவிடம் மீனவன் கதையைத் தமிழில் சொல்லி, முதல் பாடலைப் போட்டுக் காட்டினேன். பாடல் முடியும்வரை கையிலிருந்த தூண்டில் நரம்பைச் சுற்றாமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு, ‘அவன் வந்துவிட்டான் சரி, கூடப் போனவர்கள் என்ன ஆனார்கள்?’ என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நாளை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் நாள் இல்லை, அப்பாவும் வீட்டில்தான் இருப்பார். பத்துப் பாடல்களையும் வரிசையாக, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவரோடு உட்கார்ந்து கேட்கப் போகிறேன்.