மந்தம் வந்தா வாங்குறது கொஞ்சம்தான் குறையுது, செம்பு, கச்சா எண்ணெய் விலை மட்டும் ஏன் பாதாளத்துக்கு போகுது?

கேள்வி
பொருளாதார மந்தத்துல டிமாண்ட் குறையும்னு புரியுது. ஆனா 2008 கணக்க பாத்தா தலை சுத்துது. ஜூலைல பேரலுக்கு 147 டாலர் தொட்ட கச்சா எண்ணெய் டிசம்பர்ல 40க்கும் கீழ, செம்பு அதே அஞ்சு மாசத்துல டன்னுக்கு 8,000 டாலருக்கு மேல இருந்து 3,000 கிட்ட வந்து நின்னுச்சு. உலகத்துல ஜனங்க வாங்குறது பாதியாவா குறைஞ்சது, இல்லையே? வேலை போனவங்க கைய இறுக்குவாங்க சரி, சம்பளம் ஒழுங்கா வர்றவங்களும் ஏன் நிறுத்துறாங்க?

பதில் 1
இந்த மாசம் வருது, அடுத்த வருஷம் வருமான்னு தெரியல, அந்த பயம் ஒண்ணே போதும். சாப்பாடு, மருந்தெல்லாம் யாரும் தள்ளிப்போட முடியாது, ஆனா கார், ஃப்ரிட்ஜ், வீடு எல்லாம் தள்ளிப்போடலாம், பழசு இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். கம்பெனிக்காரனும் அப்படித்தான், ஃபேக்டரி கட்டிட்டா திருப்பி எடுக்க முடியாது, அதனால நிலவரம் தெளியட்டும்னு உக்காந்துடுவான். இரும்பு, செம்பு, அலுமினியம் எல்லாம் போய் சேருறது இந்த தள்ளிப்போடுற சாமானுக்குள்ளதான்.

பதில் 2
அதோட ஸ்டாக், அதாவது குடோன்ல இருக்குற கையிருப்பு சரக்கு விவகாரம் ஒண்ணு இருக்கு, இத யாரும் பேசவே மாட்டேங்குறாங்க. ஒரு கடைல மாசம் 100 பீஸ் விக்குது, எப்பவும் ரெண்டு மாச சரக்கா 200 கையிருப்பு வச்சிருப்பாங்கன்னு வைங்க. விற்பனை 90 ஆச்சுன்னா 180 இருந்தா போதும், அப்ப 20 பீஸ் ஏற்கனவே கைல மிச்சம், ஆர்டர் 70தான். இப்ப ஃபேக்டரிக்கு டிமாண்ட் 70, அவனும் அதே மாதிரி 200 கையிருப்ப 140 ஆக்குவான், 60 பீஸுக்கான சரக்கு அவன்கிட்டயே இருக்கு, மூலப்பொருள் ஆர்டர் வெறும் 10 பீஸுக்குத்தான். கடைல 10 சதவீதம் குறைஞ்சது சுரங்கத்துக்கு போறப்ப 90 சதவீதமா தெரியுது. நிஜத்துல இவ்வளவு மோசமா போகாது, ஆனா திசை இதேதான்.

கேள்வி கேட்டவர்
அடேங்கப்பா, இப்ப புரியுது. அப்ப 2020 ஏப்ரல்ல எண்ணெய் மைனஸ் போனதும் இதனாலயா?

பதில் 3
அதுல சப்ளை பக்கமும் இருக்கு நண்பா. கிணத்த மூடித் திறக்க செலவு ஜாஸ்தி, அதனால வாங்க ஆளில்லைன்னாலும் எண்ணெய் வந்துகிட்டே இருக்கும். ஏப்ரல் 20 அன்னைக்கு டபிள்யூடிஐ (அமெரிக்க கச்சா எண்ணெய் விலைக்கு அளவுகோல்) மே மாச கான்ட்ராக்ட், அதாவது மே மாசம் எண்ணெய எடுத்துக்குறேன்னு முன்கூட்டியே போடுற ஒப்பந்தம், பேரலுக்கு மைனஸ் 37.63 டாலர்ல முடிஞ்சது, மறுநாள் கான்ட்ராக்ட் காலாவதி, கைல வச்சிருந்தவன் எண்ணெய எடுத்துக்கணும், வைக்கத்தான் டேங்க் இல்ல. காசு குடுத்து தள்ளி விட்டாங்க.

பதில் 2
ஸ்டாக் கணக்கு திரும்புறப்பவும் இதே வேகம்தான். 2008 நவம்பர்ல சீனா 4 லட்சம் கோடி யுவான் செலவு பண்றோம்னு அறிவிச்சாங்க, காலியான குடோன் எல்லாம் ஒரே நேரத்துல நிரப்ப ஆரம்பிச்சாங்க, 2009 முடியறப்ப செம்பு 7,000 டாலர தாண்டிடுச்சு. அதனால கடை விற்பனைய மட்டும் பாக்காதீங்க, புது ஆர்டர் எப்படி போகுதுன்னும் கையிருப்பு எவ்வளவுன்னும் பாருங்க, விலை அது பின்னாடிதான் போகும்.