ஜாங்கோ: தொடர்புடைய பதிவுகளை எடுக்கும்போது வினவல்கள் பெருகுவது ஏன்?

ரோஸ்ஹில்_நிரலர் (கேள்வி):
வணக்கம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களின் பெயர்ப் பதிவுக்காக எங்கள் கோவிலுக்கு ஜாங்கோவில் (பைத்தான் மொழியின் வலைச் செயலிக் கட்டமைப்பு) ஒரு செயலி எழுதி வருகிறேன். பக்தர், குடும்பம், நேர்த்தி என மூன்று மாடல்கள் (தரவுத்தள அட்டவணைகளைக் குறிக்கும் வகுப்புகள்) உள்ளன. பக்தரிடம் குடும்பத்தைச் சுட்டும் ஃபாரின் கீ என்ற இணைப்புப் புலம் இருக்கிறது. ஒருவரே காவடியும் பால்குடமும் நேர்ந்துகொள்ளக்கூடும் என்பதால், நேர்த்தி மாடலில் பக்தரைச் சுட்டும் ஃபாரின் கீ வைத்திருக்கிறேன். பட்டியல் பக்கத்தில் ஒவ்வொருவரின் பெயர், குடும்பத்தின் ஊர், நேர்த்திகள் ஆகியவை வரவேண்டும். பத்துப் பெயர்களோடு சோதித்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. 400 பெயர்களை ஏற்றியதும் பக்கம் திறக்க வெகுநேரம் ஆகிறது. பக்கத்தின் வினவல்களைக் காட்டும் டீபக் டூல்பாரில் பார்த்தால் இந்தப் பட்டியலுக்கு மட்டும் 801 வினவல்கள். வியூவில் (பக்கத்தைத் தயாரிக்கும் நிரல்) நான் எழுதியதோ ஒரே ஒரு வினவல்தான். மற்றவை எங்கிருந்து வருகின்றன? ஓஆர்எம்மை (பைத்தான் ஆப்ஜெக்டுகள் வழியாகத் தரவுத்தளத்தைக் கையாளும் ஜாங்கோவின் பகுதியை) விட்டுவிட்டு நேரடியாகத் தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் எழுதிவிடலாமா?

கத்ர்போர்ன்_வாசி:
வணக்கம் ஐயா. உங்கள் கணக்கிலேயே விடை இருக்கிறது: பக்தர்களுக்கு 1, அவர்களின் குடும்பங்களுக்கு 400, நேர்த்திகளுக்கு 400. டெம்ப்ளேட்டில் "பக்தர்.குடும்பம்.ஊர்" என்று எழுதும்போது அது சாதாரணப் புலத்தைப் படிப்பதுபோலத் தோன்றினாலும், குடும்பம் இன்னும் நினைவகத்துக்கு வராததால் ஜாங்கோ அந்த இடத்திலேயே தரவுத்தளத்துக்குப் போய் அதைக் கொண்டுவருகிறது. அண்ணன் தம்பி இருவர் பட்டியலில் இருந்தால் அதே குடும்பம் இரண்டு முறை எடுக்கப்படும், ஏனெனில் ஒவ்வொரு பக்தர் ஆப்ஜெக்டும் தன் குடும்பத்தைத் தனியாகவே தேடுகிறது. ஒரு வினவலுக்குப் பின் ஒவ்வொரு பதிவுக்கும் இன்னொரு வினவல் போகும் என்-பிளஸ்-ஒன் சிக்கல் என்பது இதுதான்.

குடும்பத்துக்கு செலக்ட்_ரிலேட்டட் போதும். அது இரு அட்டவணைகளை இணைக்கும் எஸ்க்யூஎல் ஜாயின் போட்டுப் பக்தரின் வரிசையோடு குடும்பத்தின் புலங்களையும் ஒரே வினவலில் எடுத்துவிடும். ஃபாரின் கீ, ஒன்-டு-ஒன் ஆகியவற்றில் எதிர்முனையில் ஒரே பதிவுதான் என்பதால் இது சரிவரும். நேர்த்திகளுக்கு இதைப் பயன்படுத்த முடியாது: ஒருவருக்கு மூன்று நேர்த்திகள் இருந்தால் ஜாயினில் அவருடைய வரிசையும் மூன்று முறை வரும். அங்கே ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட் தேவை. அது 400 பக்தர்களின் ஐடிகளையும் ஒரே "இன்" நிபந்தனையில் வைத்து, நேர்த்திகள் அனைத்தையும் இரண்டாவது வினவலில் கொண்டுவந்து, யாருடையது எது என்பதைப் பைத்தானிலேயே பொருத்திவிடுகிறது. இரண்டையும் சேர்த்து எழுதினால் 801 இருந்த இடத்தில் 2 மட்டுமே இருக்கும். ஃபாரின் கீயில் ரிலேட்டட்_நேம் (எதிர்ப்புறத்திலிருந்து அழைக்கும் பெயர்) கொடுத்திருந்தால் அந்தப் பெயரைத்தான் ப்ரீஃபெட்ச்சில் எழுதவேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

போர்ட்லூயி_தரவு:
எஸ்க்யூஎல் எழுதத் தடையில்லை. ஆனால் ஜாயினில் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளைப் பக்தர்வாரியாகத் தொகுக்கும் வேலை உங்கள் தலையில் விழும். ஓஆர்எம் அதை ஒழுங்காகவே செய்கிறது. வேறெங்காவது குடும்பத்தின் ஐடி மட்டும் வேண்டுமானால் "குடும்பம்_ஐடி" என்று கேளுங்கள்; அது பக்தர் வரிசையிலேயே இருப்பதால் கூடுதல் வினவல் எதுவும் போகாது.

ரோஸ்ஹில்_நிரலர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பட்டியல் இப்போது 2 வினவல்களில் வந்துவிடுகிறது. ஆனால் பால்குடம் எடுப்பவர்களுக்கான பக்கத்துக்காக வியூவில் ஒவ்வொரு பக்தரின் நேர்த்திகளையும் ஃபில்டர் செய்தேன். அங்கே 400 வினவல்கள் திரும்பிவந்துவிட்டன. ப்ரீஃபெட்ச் இருந்தும் ஏன் இப்படி?

கத்ர்போர்ன்_வாசி:
ப்ரீஃபெட்ச் சேமித்து வைப்பது "ஆல்" என்று கேட்டால் கிடைக்கும் விடையை மட்டுமே. ஃபில்டர், ஆர்டர்_பை ஆகியவை புதிய குவெரிசெட்டை (ஓஆர்எம் வினவலைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) உருவாக்குவதால் சேமிப்பு பயன்படாமல் போகிறது. முன்கூட்டியே எடுத்த வினவலும் வீணாகிவிடுகிறது. நிபந்தனையை ப்ரீஃபெட்ச்சுக்குள்ளேயே வையுங்கள். ப்ரீஃபெட்ச் என்ற ஆப்ஜெக்டுக்கு, வகை பால்குடம் என்று வடிகட்டிய குவெரிசெட்டையும் விடையைச் சேமிக்கும் பெயரைக் குறிக்கும் டு_ஆட்டர் வழியாக "பால்குடங்கள்" என்ற பெயரையும் கொடுத்தால், ஒவ்வொரு பக்தரிடமும் அந்தப் பெயரில் ஆயத்தமான பட்டியல் இருக்கும். டு_ஆட்டரைத் தவிர்க்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். அது இல்லாவிட்டால் வடிகட்டிய விடையே "ஆல்" என்ற பெயரில் கிடைக்கும், பின்னர் அந்த நிரலைத் திருத்துபவர் எல்லா நேர்த்திகளும் அதில் இருப்பதாக நம்பிவிடுவார். எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் ப்ரீஃபெட்ச்சே வேண்டாம், ஒவ்வொரு பதிவோடும் கணக்கிட்ட மதிப்பைச் சேர்க்கும் அனோடேட்டில் கவுண்ட் போடுங்கள்.

போர்ட்லூயி_தரவு:
ஒரு சேர்க்கை. பெரிய பட்டியலைக் கோப்பாக இறக்க, பதிவுகளை மொத்தமாக நினைவகத்தில் வைக்காமல் படிக்கும் இட்டரேட்டர் பயன்படுத்துவீர்களானால், ஜாங்கோ 4.1க்கு முந்தைய பதிப்புகளில் ப்ரீஃபெட்ச் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் புறக்கணிக்கப்படும். 4.1 முதல் சங்க்_சைஸ் (ஒரு தொகுதியின் அளவு) கொடுத்தால் தொகுதி தொகுதியாக வேலை செய்கிறது. இந்த இரண்டு பக்கங்களுக்கும் வினவல்களின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் அசெர்ட்நம்குவெரீஸ் வைத்து ஒரு டெஸ்ட் எழுதிவிடுங்கள். டெம்ப்ளேட்டில் யாராவது புதிய புலம் ஒன்றைச் சேர்த்து வினவல்கள் கூடினால் டெஸ்ட் உடனே தோற்றுக் காட்டிக்கொடுக்கும்.