மறுமொழி: காலருக்குள் செருகும் துண்டுக்குத் தமிழில் என்ன பெயர்? என் பரிந்துரை "ஈர்க்கு"

அன்புள்ள நண்பர்களுக்கு,

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். நேற்று "காலர் எலும்பு" என்று ஒரு பரிந்துரை வந்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா முப்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காஜா எடுத்து, பட்டன் கட்டி, அந்தக் கடையிலேயே வளர்ந்தவன் நான். இந்தச் சின்னப் பொருளுக்கு ஒரு நல்ல பெயர் அமைய வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

முதலில் எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. புதுச் சட்டையின் காலரைச் சுற்றி உள்ளே வைத்திருக்கும் பிளாஸ்டிக் பட்டையையும், மேல் பட்டனுக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி மாதிரி நிற்கும் துண்டையும் இரண்டு பேர் குறிப்பிட்டிருந்தார்கள். அவை பேக்கிங் சாமான்கள், சட்டையைப் பிரித்ததும் குப்பைக்குப் போவதுதான். நாம் பெயர் தேடுவது வேறு ஒன்றுக்கு, காலர் நுனி சுருளாமல் நேராக நிற்க வைப்பது, ஆங்கிலத்தில் 'காலர் ஸ்டே' என்பார்கள். காலரின் இரண்டு முனைகளிலும் அடிப்பக்கமாக, வெளியே தெரியாதபடி ஒரு சின்ன உறை தைத்திருக்கும். அதற்குள் செருகுகிற மெல்லிய தட்டையான துண்டு, ஒரு முனை கூராகவும் மறுமுனை மழுங்கலாகவும் இருக்கும், கூர்முனை முதலில் உள்ளே போய்க் காலர் நுனியைப் பார்த்து நிற்கும். அகலம் சுமார் 1 செ.மீ., நீளம் பெரும்பாலும் 2.25 அங்குலத்திலிருந்து 3 அங்குலம் வரை. பிளாஸ்டிக்தான் அதிகம், பித்தளையிலும் எவர்சில்வரிலும் உண்டு, கொம்பிலும் முத்துச்சிப்பி ஓட்டிலும் கூடச் செய்கிறார்கள்.

> 'ஸ்டே' என்றால் தங்குவது. ஆகவே 'காலர் தங்கி' என்று வைக்கலாமே.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இந்த இடத்தில் தங்குவது என்று பொருள் வராது, முட்டுக்கொடுப்பது என்றுதான் பொருள். ஐரோப்பாவில் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டிய பழைய உள்ளாடைக்கும் அதே பெயர்தான், அதற்குள்ளும் விறைப்பான பட்டைகளை வைத்துத் தைத்தார்கள். அதைவிட எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது, "தங்கி" என்றால் அங்கேயே இருந்துவிடும் பொருள் என்ற எண்ணம் வந்துவிடும். இதுவோ ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கழற்றியே ஆக வேண்டியது.

கழற்றாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் அண்ணன் கல்யாண வரவேற்புக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை அப்படியே இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டேன். கரிப்பெட்டிச் சூட்டில் உள்ளே இருந்த பிளாஸ்டிக் இளகி வளைந்து, துணிமேல் அதன் அச்சு பளபளவென்று பதிந்துவிட்டது. வளைந்த துண்டு காலரையும் தன்னோடு வளைத்துக்கொண்டது, மாலை முழுவதும் ஒரு பக்க நுனி மேலே பார்த்தபடியே நின்றது. இஸ்திரி போட்டவர்மேல் குறை இல்லை, உள்ளே ஒன்று இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒரு சொல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். "அண்ணே, அந்தக் காலர்ல உள்ள அது இருக்குது பாருங்க" என்றா சொல்வது?

> ஏற்றுமதிக் கம்பெனிகளில் 'காலர் போன்' என்கிறார்கள். நேரடியாக 'காலர் எலும்பு' எனலாம்.

கம்பெனிகளில் சொல்வது உண்மைதான், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த எலும்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நான் மேலே சொன்ன உள்ளாடைக்குள் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த தகடுகளை வைத்தார்கள், அதை ஆங்கிலத்தில் எலும்பு என்றே அழைத்தார்கள். உண்மையில் அது எலும்பே இல்லை, நம் நகமும் கொம்பும் எந்தப் பொருளோ அதே பொருள். அவர்கள் மொழியில் ஏற்பட்ட ஒரு தவறான பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? அப்புறம், "காலர் எலும்பு" என்றால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கழுத்தடியிலிருந்து தோள் வரை ஓடும் காறை எலும்புதான். மருத்துவமனையில் ஒரு பொருள், துணிக்கடையில் வேறு பொருள் என்று ஆகிவிடும்.

இந்த இழையில் ஓர் அக்கா சொன்ன "தப்பை" எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எலும்பு முறிந்த கைக்கு மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவது போல, தானாக நேரே நிற்க முடியாததைப் பக்கத்தில் இருந்து நேராக நிறுத்துகிற தட்டையான துண்டு. வடிவமும் வேலையும் அப்படியே பொருந்துகின்றன. ஒரு நாள் முழுக்க அதையே மனதில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். வேற்றுமை உருபு சேரும்போதுதான் இடிக்கிறது. "தப்பையைக் கழற்று" என்று நிதானமாகச் சொன்னால் சரி, பேச்சில் அது "தப்பைக் கழற்று" என்று குறுகி, குற்றம் என்ற தப்பாகவே காதில் விழுகிறது. எழுத்தில் மட்டும் பிழைக்கிற சொல் தையல் கடைக்கு உதவாது.

என் பரிந்துரை: ஈர்க்கு. முழுப்பெயராக "காலர் ஈர்க்கு".

ஒரு தென்னங்கீற்றை எடுத்து, ஒரு இலையின் நடுவில் ஓடும் ஈர்க்கை உருவிப் பாருங்கள். அதுவரை விறைப்பாக நின்ற ஓலை அந்த நொடியே துவண்டு தொங்கும். துண்டை உருவிய காலருக்கும் இதுவேதான் நடக்கிறது. துணியின் நடுவே நின்று, தன் விறைப்பைத் துணிக்குக் கொடுப்பது, கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது, உருவினால் வந்துவிடுவது, இந்த நான்கும் அந்த ஒரு சொல்லில் ஏற்கெனவே இருக்கின்றன. ஈர்க்குமாறு பிடித்துப் பெருக்கிய யாருக்கும் விளக்க வேண்டியதே இல்லை. மந்தாரை இலையைச் சாப்பாட்டு இலையாகத் தைத்ததும் ஈர்க்கைக் கொண்டுதான், ஆக தையலுக்கும் இது அந்நியமான சொல் இல்லை. மலையாளத்திலும் ஈர்க்கில் என்று இதே சொல்தான் வழங்குகிறது.

வினைச்சொற்களையும் கூடவே கொண்டுவருகிறது என்பது எனக்கு இன்னும் முக்கியம். ஈர்க்கைச் செருகு, ஈர்க்கை உருவு. "ஈர்க்கை உருவிட்டுத் துவைக்கப் போடு" என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், என் மனைவி என்ன ஏது என்று கேட்கவே இல்லை, காலரைத் திருப்பி உருவி எடுத்துவிட்டாள். துண்டு உட்காரும் இடம் "ஈர்க்கு உறை". விலை குறைந்த சட்டைகளில் உள்ளேயே வைத்துத் தைத்துவிடுகிறார்களே, அது "தைத்த ஈர்க்கு". எடுக்க முடிவது "செருகு ஈர்க்கு". காலர் நுனியிலேயே பட்டன் வைத்த சட்டைக்கு ஈர்க்கு வேண்டாம், அந்த வேலையைப் பட்டனே செய்துவிடுகிறது. ஈர்க்கு உறையைவிடச் சற்றுக் குட்டையாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் நுனியில் முட்டித் துணியைக் கிழிக்கும், மிகவும் குறைந்தால் உள்ளே வழுக்கி நுனி சுருண்டுகொள்ளும்.

> ஈர்க்கு உருண்டை, இது தட்டை. அதோடு 'ஈர்ப்பது' என்ற பொருளோடு குழம்பாதா?

உருவம் முழுவதும் ஒத்துப்போக வேண்டும் என்றால் கண்ணாடிக்கும் பேனாவுக்கும் நாம் வைத்த எந்தப் பெயரும் தேறாது. இரண்டாவது கேள்வி நியாயமானது, அதுவும் காந்தம் வைத்த வகை ஒன்று விற்கிறார்கள், அதைக் "காந்த ஈர்க்கு" என்றால் கண் ஒரு கணம் தடுக்கும். அந்த ஒன்றுக்கு "காந்தம் வைத்த ஈர்க்கு" என்று விரித்துச் சொல்லிவிடலாம்.

கஞ்சி போட்டால் போதாதா, இது எதற்கு என்று கேட்டவருக்கும் ஒரு வார்த்தை. 1827-இல் அமெரிக்காவின் டிராய் நகரத்தில் ஹன்னா மான்டேகு என்ற பெண் கணவரின் சட்டையிலிருந்து காலரை மட்டும் வெட்டித் தனியே துவைத்தார் என்று சொல்வார்கள், அந்த ஊரே பிறகு காலர் நகரம் என்று பெயர் வாங்கியது. கழற்றி மாட்டும் அந்தக் காலர்களைக் கஞ்சி போட்டு அட்டை போல விறைக்க வைத்தார்கள், அதற்கு ஈர்க்கு தேவைப்படவில்லை. சட்டையோடு சேர்த்துத் தைத்த மிருதுவான காலர் பரவியபின் அதன் நுனியை நேராக நிறுத்தத்தான் இது தேவையானது.

கடைசியாக, "காலர்" என்பதைத் தமிழாக்க வேண்டுமா என்பது. கழுத்துப்பட்டை என்றால் நாய்க்குக் கட்டுவதும் அதுதான், கழுத்துப்பட்டி என்றால் இலங்கையில் டை. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறான் என்று நாம் பேசும் அளவுக்குக் காலர் நம் சொல்லாகிவிட்டது, அதை விட்டுவிடுவோம். இந்த இழையில் எழுதும் யாழ்ப்பாணத்துத் தம்பி "கொலர்" என்று எழுதினாலும் பின்னால் வரும் ஈர்க்கு மாறாதே. உங்கள் பக்கம் பேச்சில் இது ஈர்க்காகவே இருக்கிறதா, வேறு வடிவம் உண்டா என்று மட்டும் சொல்லுங்கள் தம்பி.

அகராதிக்கு நான் எழுதிப் பார்த்த வரி இது, திருத்தங்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்:

காலர் ஈர்க்கு (பெ.): சட்டைக் காலரின் நுனி சுருளாமல் நேராக நிற்க, அதன் அடிப்பக்க உறையில் செருகும் மெல்லிய, ஒரு முனை கூரான துண்டு. துவைக்கும் முன்பும் இஸ்திரி போடும் முன்பும் உருவி எடுக்கப்படும்.

அன்புடன்,
தையல்கடைக்காரர் மகன்