சிமியுலேசன்: பாவனையா, ஒத்திகையா, நிகர்ப்பா?

வணக்கம் ஐயா,

தாதிய மாணவருக்கான கணினி சிமியுலேசனுக்கு, அதாவது உண்மையான நோயாளி இல்லாமல் அதே நிலைமையை உருவாக்கிப் பழகுவதற்கு, நம் அகராதிப் பட்டியலில் 'பாவனைப் பயிற்சி' என்று எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் அது எடுபடாது. இங்கே பாவனை என்றால் உபயோகம்: மின்பாவனை, பாவனையாளர், பாவனைக்கு உதவாத மருந்து. 'ஊசிப் பாவனைப் பயிற்சி' என்று அறிவித்தல் பலகையில் போட்டால், நோயாளிக்கே ஊசி போடப் பழக்குகிறோம் என்றுதான் பிள்ளைகள் விளங்குவார்கள். போலி என்ற அடியும் வேண்டாம். போலி மருந்து, போலி வைத்தியர் என்று கேட்ட காதுக்கு அது ஏமாற்று.

என் விருப்பம் ஒத்திகை. சுனாமி ஒத்திகை என்று சனம் ஏற்கெனவே சொல்கிறது.

*

வணக்கம் சிஸ்டர்,

பாவனையை மீளப் பெறுகிறேன். ஆனால் ஒத்திகை ஆட்கள் செய்வது. அதற்கு இடந்தரும் மென்பொருளை, பொம்மையை, நோயாளியாக நடிப்பவரை எப்படிச் சொல்வது? ஒரு வேரிலிருந்து குடும்பமே கிளைக்க வேண்டும். ஒத்திருத்தல் என்ற பொருளில் 'நிகர்த்தல்' என்ற வினை கைவசம் இருக்கிறது: செயல் நிகர்ப்பு, கருவி நிகர்ப்பி, நடிப்பவர் நிகர்நோயாளி. மெய்நிகர் என்ற சொல் பழகிவிட்டதால் காதுக்கும் புதிதல்ல. நிகர இலாபத்தோடு குழம்பும் என்பார்கள். கணக்கேடும் நோயாளியின் கட்டிலும் ஒரே வசனத்தில் வருவது அரிது.

சிமியுலேசன் என்றே விடலாம் என்று சிலர் சொல்லும் கருத்தையும் நான் தள்ளவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர், உடற்கூற்றியலை அங்காதிபாதம் என்றும் எழுதினார், இரசாயனவியலைக் கெமிஸ்தம் என்றும் எழுதினார். ஆனால் சிமியுலேசனிலிருந்து தமிழ் வினை பிறக்காது.

*

ஐயா,

நிகர்ப்பு சரி. ஆனால் திரைக்கும் பொம்மைக்கும் ஒரே சொல் போதாது. அவை பழக்குவது வேறு வேறு.

பெனிசிலின் ஊசிக்குப் பின் ஒவ்வாமை வந்த நோயாளியை எடுங்கள். திரையில் தடிப்பு எழுகிறது, மூச்சு இழுக்கிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது. மாணவி மருந்தை நிறுத்தி, உதவிக்கு அழைத்து, காலை உயர்த்திக் கிடத்தி, அட்ரினலினைத் தெரிவுசெய்ய வேண்டும். முடிவெடுக்கும் ஒழுங்கு இதில் நன்றாகப் படியும். ஆனால் சில மென்பொருள்களில் அடுத்த பொத்தானை அழுத்தும்வரை நேரம் நகராது. நோயாளி காத்திருப்பார் என்ற பிழையான தைரியம் அங்கேதான் வளருகிறது. கடிகாரம் ஓடுகிற மென்பொருளையே வாங்க வேண்டும்.

கைவேலை வேறு. அட்ரினலின் அம்பியூலில், அதாவது சிறு கண்ணாடிக் குப்பியில், 1 மில்லிலீற்றருக்குள் 1 மில்லிகிராம் இருக்கும். வளர்ந்தவருக்கு அதில் பாதி, 0.5 மில்லிலீற்றர், தொடையின் நடுப்பகுதியில் வெளிப்புறத் தசைக்குள் போக வேண்டும்; குணம் தெரியாவிட்டால் 5 நிமிடத்தில் திரும்பவும். திரையில் இது ஒரு கிளிக். நோயாளர் விடுதியில் அம்பியூலை உடைத்து, காற்றுக் குமிழியை அகற்றி, பாதியில் நிறுத்த வேண்டும். அவசரத்தில் முழுவதையும் இழுத்துவிடுவதுதான் வழமையான தவறு.

றப்பர் கையிலும் ஒரு பொறி உண்டு. கனுலா, அதாவது நாளத்துக்குள் ஏற்றும் மெல்லிய குழாய், போடப் பழகும் கையில் பல தடவை குத்தியபின் தோலில் ஓட்டைகள் தெரியும். மாணவி நாளத்தை விரலால் தேடாமல் பழைய ஓட்டையிலேயே குத்துவாள். சிவப்பு நீர் உடனே ஏறும், நம்பிக்கையும் ஏறும். உண்மையான கையில் ஓட்டை இல்லை. தோலுறையைத் திருப்பிப் போட்டு, ஒழுகும் குழாயை நேரகாலத்துக்கு மாற்றினால்தான் அந்த நம்பிக்கைக்குப் பெறுமதி.

ஆகவே என் முன்மொழிவு: கணினியில் செய்வது திரைநிகர்ப்பு, பொம்மையில் செய்வது கைநிகர்ப்பு, இரண்டுக்கும் பொதுவாக நிகர்ப்புப் பயிற்சி. மாணவர் வாயில் ஒத்திகை என்று வந்தால் திருத்த வேண்டாம்.

இன்னொன்று. பயிற்சி முடிந்ததும் இருந்து பேசுகிற டீபிரீஃபிங்குக்கு 'மீட்டல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். மீட்டல் இங்கே சோதனைக்குப் படித்ததைத் திரும்பப் பார்ப்பது. நான் 'அலசல்' என்பேன். முதலில் என்ன கண்டாய், பிறகு ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பதும், குற்றம் சாட்டாமல் பேசவைப்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அகராதிப் பட்டியலில் நிகர்ப்பை மட்டும் இப்போதே சேர்க்கலாம்.