புதுப்பிப்பு: மகளின் முதல் ஷூ

ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊரான மண்டபத்தில் இருக்கிறோம். நடை பழகும் என் 13 மாத மகளுக்கு 400 ரூபாய்க்குள் எப்படிப்பட்ட ஷூ வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் வாங்கியது சரிவரவில்லை. "வளர்ற பிள்ளைதானே" என்று அம்மா சொன்னதால் இரண்டு சைஸ் பெரிதாக எடுத்துவிட்டோம். குதிகால் கழன்று கழன்று வந்தது. நாலு அடிக்கு ஒரு தடவை விழுந்தாள், பாவம்.

அப்புறம் நீங்கள் சொன்னபடி ஒரு சாயங்காலம் அவளைக் காகிதத்தின் மேல் நிற்கவைத்து இரண்டு பாதத்தையும் வரைந்தேன். இடது 11.8 செ.மீ., வலது 12. பெரிய காலைக் கணக்கில் வைத்து, விரல் முன்னால் 1 செ.மீ. இடம் விட்டு, 13 செ.மீ. நீளத்துக்கு அட்டையை வெட்டி ராமநாதபுரம் கடைக்கே கொண்டுபோனேன். ஷூவுக்குள் அட்டை மடங்காமல் படுத்தால்தான் அடுத்த பேச்சு. அடிப்பாகத்தை வளைத்தும் பார்த்தேன்; விரல் மடங்கும் இடத்தில் லேசாக வளைந்தது. வெல்க்ரோ வைத்த துணி ஷூ, 280 ரூபாய். போட்டுக் கழற்றியபோது காலில் சிவந்த தடம் இல்லை.

வீட்டுக்குள் வெறுங்கால்தான், பாதம் தரையை உணரட்டும். வெளியே கருவேல முள், உடைந்த சிப்பி, மத்தியான மணல் சூடு. அங்கே ஷூ கட்டாயம். கரையிலிருந்து வந்ததும் மணலை உதறிவிடுகிறேன். ஒன்றரை மாதத்தில் மறுபடி அளக்கணும், அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.