விக்டோரியா காலத்து வீட்டில் வரவேற்பறை யாருடையது?

செங்கல்:
அந்தக் காலத்து இங்கிலாந்து வீடு பெண்களை அடைத்துவைத்த கூண்டு என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். வரைபடத்தைப் பார்த்தீர்களா? கட்டடக்கலைஞர் ராபர்ட் கெர் 1864இல் கனவான்களின் வீட்டைப் பற்றி எழுதிய புத்தகத்தில் வரவேற்பறையைப் பெண்களின் இடம் என்றுதான் சொல்கிறார். கடிதம் எழுத, கணக்குப் பார்க்க வீட்டம்மாவுக்குக் காலை நேர அறை வேறு. ஆண் ஒரு சுருட்டுப் பற்றவைக்க வேண்டுமென்றால் கோடியில் இருக்கும் புகையறைக்கு நடக்க வேண்டும். ராணிக்கே புகை நாற்றம் ஆகாதே.

அஞ்சறைப்பெட்டி:
கோடியில் என்ன இருந்தது, அதையும் சொல்லுங்கள். பெரிய வீடுகளில் பில்லியர்ட்ஸ் அறையும் புகையறையும் அடுத்தடுத்து, ஆண்களுக்கென்றே ஒரு தனிக் கட்டு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். வரவேற்பறையில் அது நடக்குமா? யார் வந்தாலும் கையில் தையலோடு சிரித்த முகமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் கல்யாணமான பெண்களின் சொத்துரிமைக்கான 1882 சட்டம் வரும் வரை, முன்கூட்டியே தனி ஏற்பாடு செய்திருந்தாலொழிய, மனைவி கொண்டுவந்த சொத்தே கணவன் கைக்குத்தான் போனது. இதில் அவருக்கென்று அறையாம்!

செங்கல்:
சட்டத்தையும் சுவரையும் போட்டுக் குழப்பாதீர்கள். சாப்பாடு முடிந்ததும் பெண்கள் எழுந்து வரவேற்பறைக்குப் போவார்கள், ஆண்கள் மேசையிலேயே மதுவோடு இருப்பார்கள், அப்புறம்தான் வந்து சேர்ந்துகொள்வார்கள். அந்த நேரம் முழுக்கப் பெண்களுடையதுதானே?

கொல்லைப்புறம்:
இரண்டு பேரும் சமையற்கட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை, சரி, நான் சொல்கிறேன். கெர் பெர்க்‌ஷயரில் கட்டிய பேர்வுட் மாளிகையில் வேலைக்கார ஆண்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு வேறு, கல்யாணமாகாத விருந்தாளிகளுக்கு இன்னொன்று. ஆண் பெண் பிரிவினை அதிகம் கண்ணில் படுவது அங்கேதான், வரவேற்பறையில் இல்லை. அவ்வளவு பெரிய வீடு வேண்டாம் என்றால் லண்டன் செல்சியில் எழுத்தாளர் தாமஸ் கார்லைல் குடியிருந்த வாடகை வீட்டைப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சேவலும் பியானோவும் தாங்காமல் 1853இல் மொட்டை மாடி உயரத்தில் சத்தம் புகாத அறை ஒன்று கட்ட ஆரம்பித்தார். கட்டி முடித்தும் சத்தம் நிற்கவில்லை, அது வேறு கதை. வேலைக்காரப் பெண் படுத்தது எங்கே தெரியுமா? தரைக்குக் கீழே இருந்த சமையலறையிலேயே.

செங்கல்:
அந்த வீட்டில் கொத்தனார்களோடு மல்லுக்கட்டியது மனைவி ஜேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டு நிர்வாகம் அவர் கையில்தான் இருந்தது.

அஞ்சறைப்பெட்டி:
தூசியும் இரைச்சலும் ஜேனுக்கு, அறை கார்லைலுக்கு. நான் சொன்னதும் அதுதான்.

செங்கல்:
படிக்கட்டு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், அதை யோசிக்கவில்லை. ஆனால் புகையறையைச் சலுகை என்று மட்டும் சொல்லாதீர்கள், மழையில் திண்ணைக்குத் துரத்தின மாதிரிதான் அது.

கொல்லைப்புறம்:
பில்லியர்ட்ஸ் மேசை போட்ட திண்ணை! கார்லைலின் அந்த மாடி அறை, 1865இல் அவர் அதை விட்ட பிறகு, வேலைக்காரிக்குப் படுக்க விடப்பட்டது.